நீஸில் ஒரு வாரம்: மத்தியதரைக் கடலோர விடுமுறையை எந்த வரிசையில் திட்டமிடுவது?

மத்தியதரைக் கடலோரம் விடுமுறைக்குப் போவதாகச் சொல்பவர்களின் திட்டத்தை வாங்கிப் பார்த்தால், பாதிப் பேருடைய தாளில் கடலே இருக்காது. பாரிஸ் இரண்டு நாள், சுவிட்சர்லாந்து இரண்டு நாள், நடுவில் நீஸ் ஒரு நாள், அப்புறம் ரோம். அந்த ஒரு நாளில் கடற்கரைச் சாலையில் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஈரம் படாத காலோடு திரும்பிவிடுவார்கள். இந்த வழிகாட்டி அவர்களுக்கானது அல்ல. பிரான்ஸின் தென்கிழக்கு மூலையில் உள்ள நீஸ் நகரத்தில் ஒரு வாரம் தங்கி, கடலில் இறங்கி, பக்கத்து ஊர்களையும் பார்த்துவர நினைப்பவர்களுக்கானது. படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். பணம் வீணாவதற்குப் பெரும்பாலும் வரிசை தவறுவதுதான் காரணம்.

1. எதற்காகப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

டிக்கெட் விலை பார்ப்பதற்கு முன் இதைச் செய்யவேண்டும். ஏனென்றால் மாதம், ஊர், அறை எல்லாம் இதைப் பொறுத்தே மாறும்.

இந்தக் கரைக்குப் போக நல்ல காரணங்கள் உண்டு. இங்கே ஓதம் ஏறி இறங்குவது ஓரிரு சாண் அளவுதான். கோடையில் பல நாட்கள் காலைக் கடல் ஏரிபோலக் கிடக்கும். நீந்தக் கற்றுக்கொண்டு குளத்தைத் தாண்டாதவர்களுக்குக் கடலில் நீந்த இதைவிட நல்ல இடம் குறைவு. உப்பும் பெருங்கடலைவிடச் சற்று அதிகம் என்பதால் உடல் எளிதாக மிதக்கும். கோடையில் மழை அரிது. ஜூலையில் குடை தேவைப்பட்டால் அது உங்கள் துரதிர்ஷ்டம். ரயில் பாதை கடலை ஒட்டியே ஓடுவதால், கார் இல்லாமலே தினம் ஒரு ஊரில் குளிக்கலாம்.

அகலமான மணல்வெளி வேண்டும், செலவு குறைவாக இருக்கவேண்டும், ஆகஸ்ட்டில் ஆளில்லாத கரை வேண்டும் என்பவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது. நீஸின் கரை முழுக்கச் சாம்பல் நிறக் கூழாங்கல். படங்களில் அது தெரிவதில்லை.

குளிப்பதுதான் முதல் காரணமா, பழைய ஊர்களும் மலைப்பாதைகளும் அருங்காட்சியகங்களும் முதல் காரணமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் வேண்டும் என்றாலும், எது முந்தியது என்று தெரிந்திருக்கவேண்டும்.

2. மாதம்: காற்றின் வெப்பத்தைப் பார்க்காதீர்கள், நீரின் வெப்பத்தைப் பாருங்கள்

மிக அதிகம் பேர் தடுக்கி விழும் படி இது. மே மாதத்தில் பகல் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டும், வெயிலும் பளிச்சென்று அடிக்கும். ஆனால் கடல்நீர் ஏறக்குறைய 17 டிகிரிதான் இருக்கும். வங்கக் கடலில் குளித்துப் பழகிய உடம்புக்கு அது முழங்காலோடு நின்றுவிடும் குளிர்.

கடல் மெல்லச் சூடாகி மெல்லவே ஆறும். பிப்ரவரியில் 13 டிகிரி அளவில் இருக்கும் நீர், ஜூன் நடுவில் 20-ஐத் தாண்டி, ஆகஸ்ட்டில் 24, 25-க்கு வருகிறது. செப்டம்பரிலும் 22, 23 இருக்கும். பிரெஞ்சுப் பள்ளி விடுமுறை ஜூலை தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை. அது முடிந்ததும் கூட்டம் வடிகிறது, அறை வாடகை இறங்குகிறது, நீர் மட்டும் சூடாகவே இருக்கிறது. எனவே குளிப்பவர்களுக்கு என் தேர்வு செப்டம்பரின் முதல் மூன்று வாரங்கள். அடுத்தது ஜூனின் இரண்டாம் பாதி.

ஊர் பார்ப்பவர்களுக்கு ஏப்ரலும் மேயும் அருமை. ஆனால் மே நடுவில் கான் நகரத் திரைப்பட விழா நடக்கிறது. மொனாக்கோவின் கார் பந்தயம் பல ஆண்டுகளாக மே கடைசியில் நடந்து வந்தது, 2026 முதல் ஜூன் தொடக்கத்துக்கு மாறியிருக்கிறது. அந்த வாரங்களில் இந்தக் கரை முழுவதும் வாடகை எகிறும். அக்டோபர், நவம்பரில் மழை ஒரேயடியாகக் கொட்டும்.

பிள்ளைகளின் பள்ளி விடுமுறையால் மே மாதம்தான் முடியும், ஆனால் குளித்தே ஆகவேண்டும் என்பவர்கள் நீஸை விட்டுவிட்டு சைப்ரஸையோ துருக்கியின் அந்தாலியாவையோ பாருங்கள். கிழக்கே போகப் போக நீர் சில டிகிரி கூடுதல் சூடாக இருக்கும்.

3. ஒரே ஊரில் தங்குங்கள்

ஆறு இரவுக்குக் குறைந்தால் போகவேண்டாம். வரும் நாளும் திரும்பும் நாளும் கணக்கில் சேராது, ஒரு நாளைக் காற்று கெடுத்துவிடும், மிஞ்சுவது நான்கு நாள்.

இந்தக் கரையில் ஊர்கள் நெருக்கமாக இருக்கின்றன என்பதற்காக இரண்டிரண்டு இரவாகப் பிரிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அறை மாற்றும் ஒவ்வொரு முறையும் காலை பத்து மணிக்குப் பெட்டியோடு வெளியேறி, மாலை மூன்று வரை அந்தப் பெட்டியோடு அலையவேண்டியிருக்கும். கடலுக்கு ஏற்ற பாதி நாள் அதில் போய்விடும்.

நீஸைத் தங்கும் ஊராகச் சொல்வதற்குக் காரணம் விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருப்பதும், ரயில் கிழக்கே மொனாக்கோ, மாந்தோன் பக்கமும் மேற்கே ஆந்தீப், கான் பக்கமும் போவதும்தான். மணலில் விளையாடும் வயதுக் குழந்தைகள் இருந்தால் மட்டும் ஆந்தீப்பில் தங்குங்கள். குழந்தையைக் கூழாங்கல்லில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்ட முடியாது.

4. அறை: ரத்து செய்யக்கூடியதை மட்டும்

விசாவுக்குத் தங்குமிடச் சான்று வேண்டும், விசா கிடைக்கும் என்ற உறுதியோ கிடையாது. அதனால் கட்டணமின்றி ரத்து செய்யும் வசதி உள்ள அறையையே பதிவு செய்யுங்கள். பத்து சதவீதம் மலிவு என்று ரத்து செய்ய முடியாததை எடுத்துவிட்டு, விசா தாமதமானதும் தலையில் கைவைத்து உட்கார்ந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

இடத்துக்கு வந்தால், ரயில் நிலையத்துக்கும் பழைய நகரத்துக்கும் நடுவே, ழான் மெட்சான் சாலைக்கு அருகில் பாருங்கள். கடலுக்கும் ரயிலுக்கும் நடந்தே போகலாம், டிராமும் பக்கம். பழைய நகரத்தின் சந்துகள் படத்துக்கு அழகு. பல கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது, இரவு ஒரு மணி வரை கீழே மதுக்கடைச் சத்தம் கேட்கும். நான்கு மாடி ஏறிப் பெட்டியைத் தூக்க முடியுமா என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

மூன்றைச் சரிபாருங்கள். ஏசி இருக்கிறதா? ஐரோப்பாவில் அது தானாக வந்துவிடாது. சிறு சமையலறை இருக்கிறதா? வாடகை வீடாக இருந்தால் விளம்பரத்தில் நகராட்சிப் பதிவு எண் இருக்கிறதா? இவற்றுக்கு மேல் சுற்றுலா வரி ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாகச் சேரும்.

5. விசா

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான நுழைவு அனுமதி அது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு பயணத்துக்கு 15 நாள் முன்பு, ஆனால் அதை நம்பவேண்டாம். முடிவு சொல்ல 15 நாள், சில வேளைகளில் 45 நாள் வரை எடுத்துக்கொள்ள விதியே இடம் தருகிறது. கோடைக்கு முன்பு நேர்முக நேரம் கிடைப்பதும் கடினம். மூன்று மாதம் முன்பே நேரத்தைப் பிடித்துவிடுங்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, அதற்குக் கீழ் இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கவேண்டும். கடவுச்சீட்டு பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்கவேண்டும்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில்தான் குழப்பம் வருகிறது. அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான். ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானம் மாறுகிறீர்கள் என்பதற்காக ஜெர்மனியிடம் போகக்கூடாது. ஒரு வாரமும் நீஸில் என்றால் பிரான்ஸ். 3-ஆம் படியில் ஒரே ஊரில் தங்கச் சொன்னதன் இன்னொரு பலன் இது. பயணத் திட்டம் ஒரே வரியில் முடிகிறது, அதிகாரிக்குக் கேள்வி எழுவதில்லை.

6. விமானம்: விசா கைக்கு வந்த பிறகு பணம் கட்டுங்கள்

விண்ணப்பத்துக்கு முன்பதிவுத் தாள் போதும். முழுப் பணம் கட்டிய டிக்கெட் தேவையில்லை.

சென்னையிலிருந்து நீஸுக்கு நேரடி விமானம் இல்லை. துபாய், தோஹா வழியாக வந்தால் குடிநுழைவுச் சோதனை நீஸிலேயே நடக்கும். ஃபிராங்க்ஃபர்ட், பாரிஸ் வழியாக வந்தால் அங்கேயே நடக்கும். அந்த வரிசை நீளமானது. 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய முறைப்படி கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள். ஆகவே ஐரோப்பிய விமான நிலையத்தில் மாறுவதாக இருந்தால் இடைவெளி இரண்டரை மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. அறுபது நிமிட இடைவெளி உள்ள டிக்கெட்டை விற்பார்கள். விற்கிறார்கள் என்பதற்காக வாங்கவேண்டாம்.

7. பெட்டியில் என்ன வைப்பது

முதலாவது, அடிப்பாகம் கெட்டியான நீர்க் காலணி. இது இல்லாமல் நீஸ் கரையில் பத்து அடி நடப்பதே தண்டனை. அங்கேயும் வாங்கலாம், ஆனால் முதல் நாள் காலையிலேயே தேவைப்படும்.

நீச்சலுடை இறுக்கமான துணியில் இருக்கட்டும். கடலில் முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை கால்சட்டை என்று நீச்சல் துணியில் எதை அணிந்தாலும் தடையில்லை. பருத்திச் சுடிதாரோடு இறங்குவதுதான் ஆபத்து. நனைந்ததும் கனத்துக் கீழே இழுக்கும். பொது நீச்சல் குளங்களில் விதி நேர்மாறு: ஆண்கள் தொளதொள அரைக்கால்சட்டையோடு வந்தால் உள்ளே விடமாட்டார்கள்.

நம் ஊர் மூன்று முனை பிளக் அங்கே நுழையாது, மாற்றுக் கருவி தேவை. மற்றதெல்லாம் அங்கே கிடைக்கும்.

8. வந்து இறங்கும் நாள்

விமான நிலையத்தின் இரண்டு முனையங்களிலிருந்தும் டிராம் 2-ஆம் தடம் நேரே ழான் மெட்சான் வழியாகத் துறைமுகம் வரை போகிறது. முனையங்களுக்கு இடையே பயணம் இலவசம், ஊருக்குள் போக டிக்கெட் வேண்டும். டிக்கெட்டை வாங்கினால் மட்டும் போதாது, ஏறியதும் கருவியில் காட்டிப் பதியவேண்டும். பதியாத டிக்கெட் பரிசோதகருக்கு இல்லாத டிக்கெட்தான். பெட்டியோடு நிற்கும் புதியவர்களிடம்தான் பரிசோதகர்கள் முதலில் வருவார்கள்.

கோடையில் அங்கே நேரம் நமக்கு மூன்றரை மணி பின்னால். அதனால் முதல் இரண்டு மூன்று நாள் விடியற்காலையிலேயே விழிப்பு வரும். மீண்டும் தூங்கப் பாடுபடாதீர்கள், அதைப் பயன்படுத்திக்கொள்ளும் வழி 10-ஆம் படியில் இருக்கிறது.

9. கடலில் இறங்குவதும் கரையேறுவதும்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. அமைதியான கடல் என்று கேள்விப்பட்டு வருபவர்கள் அடிபடுவது நீரில் அல்ல, விளிம்பில்.

முதலில் கொடியைப் பாருங்கள். பச்சை என்றால் இறங்கலாம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் தடை. ஊதாக் கொடி பறந்தால் நீர் மாசுபட்டிருக்கிறது அல்லது தீங்கு செய்யும் உயிரினம் வந்திருக்கிறது என்று பொருள். சிவப்பும் மஞ்சளும் பாதிப் பாதியாக உள்ள கொடிகளுக்கு நடுவேதான் மீட்பர்கள் கண்காணிக்கிறார்கள். அதற்குள் இறங்குங்கள்.

நீஸ் கரை சட்டென்று ஆழமாகும். நான்கைந்து எட்டு வைத்ததும் காலுக்குத் தரை கிடைக்காது. நீந்தத் தெரியாதவர்கள் இங்கே இறங்கவே வேண்டாம், அவர்களுக்கு 11-ஆம் படியில் இடம் சொல்கிறேன்.

கரையேறும்போது நடப்பது இது. அலை சிறியதுதான், ஆனால் சரிவான கல்மேட்டில் நேராக வந்து உடைகிறது. திரும்பும் நீர் காலடியில் உள்ள கற்களைச் சரசரவென்று இழுத்துக்கொண்டு போகும். எழுந்து நிற்க முயல்பவர் முழங்கால் மடங்கி விழுவார், அடுத்த அலை முதுகில் அடிக்கும். சரியான முறை: மூன்று நான்கு அலைகளைப் பின்னாலிருந்து கவனியுங்கள். பெரியது போனதும் அதன் பின்னாலேயே நீந்தி வாருங்கள். கை கல்லைத் தொட்டதும் நிற்காமல் நான்கு காலில் தவழ்ந்து மேடேறுங்கள். ஊர்க்காரப் பாட்டிகள் அப்படித்தான் ஏறுகிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

சில நாட்களில் ஊதா நிறச் சிறு ஜெல்லி மீன் வரும். பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், குழாய் நீர் ஊற்றாதீர்கள். இரண்டுமே ஒட்டியிருக்கும் கொட்டும் செல்களை வெடிக்கவைக்கும். கடல்நீரால் கழுவி, பிளாஸ்டிக் அட்டையால் மெல்ல வழித்துவிட்டு மீட்பரிடம் காட்டுங்கள். அவசரத்துக்கு 112, கடலில் ஆபத்து என்றால் 196.

10. பகலை எப்படிப் பிரிப்பது

காலை ஏழிலிருந்து பதினொன்று வரை கடல். அப்போது காற்று எழுந்திருக்காது, நீர் கண்ணாடியாக இருக்கும், கரையில் இடம் கிடைக்கும். சூடேறியதும் கடற்காற்று கிளம்பி மேற்பரப்பைக் கலைத்துவிடும்.

நண்பகலில் கோட்டைக் குன்றிலிருந்து வெடிச்சத்தம் கேட்கும். தினமும் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வெடிப்பது நீஸின் வழக்கம், பதறவேண்டாம். பதினொன்றைத் தாண்டியும் நீரில் இருந்தால், அதைக் கரையேறும் கடைசி மணியாக வைத்துக்கொள்ளுங்கள். கோடை நேரக் கணக்கால் அங்கே சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒன்றரை மணிக்கு. எனவே சுட்டெரிக்கும் நேரம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை. மாலை வெயில்தானே என்று மூன்று மணிக்குப் படுத்தவர்கள் தோலுரிந்து திரும்புகிறார்கள். கறுத்த தோலும் பொசுங்கும்.

நான்கு மணிக்கு மேல் ஊர் சுற்றுங்கள். ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு ஒன்பதே கால் ஆகும். கோட்டைக் குன்றுக்கு ஏற இலவச லிஃப்ட் உண்டு. மத்தீஸ், ஷகால் என்ற ஓவியர்களின் அருங்காட்சியகங்கள் இரண்டுக்கும் செவ்வாய் விடுமுறை. பழைய நகரத்தின் சந்தைத் திடலான கூர் சலேயாவில் திங்கள்கிழமை காய்கறிச் சந்தைக்குப் பதில் பழம்பொருள் சந்தை. பழம் வாங்கப் போனவர்கள் பித்தளை விளக்கைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

11. ரயிலில் பக்கத்து ஊர்கள்

ஒரு நாளைக்கு ஒரு ஊர். கிழக்கே போகும்போது வலப்பக்க இருக்கையில் அமருங்கள், கடல் அந்தப் பக்கம்தான்.

வில்ஃப்ராஞ்ஷ் சுர் மேர் பத்து நிமிடத்துக்குள். நிலையத்துக்குக் கீழேயே கரை, பருமணல், மலைகள் சூழ்ந்த அமைதியான வளைகுடா. நீந்தப் பழகுபவர்களையும் குழந்தைகளையும் இங்கே அழைத்து வாருங்கள். மேற்கே ஆந்தீப்பில் பழைய மதிலை ஒட்டி லா கிராவெத் என்ற சிறு மணற்கரை இருக்கிறது. அங்கிருந்து சில நிமிட நடையில், பிக்காசோ 1946-இல் ஓவியக்கூடமாக வைத்து வரைந்த கோட்டை இப்போது அவர் பெயரிலான அருங்காட்சியகம். திங்கள் விடுமுறை.

ஏஸ் என்ற ஊரில் ஏமாறவேண்டாம். ரயில் நிற்பது கடலோர ஏஸில், படங்களில் வரும் ஏஸ் 400 மீட்டருக்கு மேலே மலையுச்சியில். நடுவே உள்ள செங்குத்துப் பாதை ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். நீஸிலிருந்து பஸ்ஸில் மேலே போய், நடந்து கீழே இறங்கிக் கடலில் குதித்துவிட்டு ரயிலில் திரும்புவதே சரியான வரிசை.

மொனாக்கோவுக்கும் இத்தாலியின் வெந்திமீலியாவுக்கும் போகும்போது கடவுச்சீட்டை எடுத்துச் செல்லுங்கள். இத்தாலியிலிருந்து திரும்பும் ரயிலில் பிரெஞ்சுப் போலீஸ் சோதிப்பது வழக்கம். வேலைநிறுத்தச் செய்தி கேட்டால், மறுநாள் எந்த ரயில் ஓடும் என்பதை முந்தைய மாலை ஐந்து மணிக்கு மேல் ரயில்வே செயலியில் பாருங்கள்.

திருட்டு நடப்பது ரயிலின் கதவோரத்திலும், எல்லோரும் ஒன்றாக நீரில் இறங்கிவிட்ட கரையிலும்தான். முறை வைத்துக் குளியுங்கள்.

12. சாப்பாடு

மதிய உணவு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை, இரவு உணவு ஏழுக்கு மேல். இடையே பெரும்பாலான சமையலறைகள் மூடியிருக்கும். மூன்று மணிக்குப் பசியோடு தேடினால் சுற்றுலாப் பயணிக்காகவே திறந்திருக்கும் கடைதான் அகப்படும். விலை அதிகம், ருசி குறைவு. மதியம் ‘அன்றைய உணவு’ என்று கரும்பலகையில் எழுதியிருப்பதைக் கேளுங்கள், இரவைவிட மலிவு. கேட்டால் குழாய் நீர் ஜாடியில் இலவசமாகத் தருவார்கள். பில்லில் சேவைக் கட்டணம் சேர்ந்தே இருக்கிறது. கடைக்குள் நுழைந்ததும் ‘போன்ழூர்’ (வணக்கம்) சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். அது இல்லாமல் கேட்கும் கேள்விக்கு முகம் சுளிப்பார்கள்.

சைவர்களுக்கு இந்த ஊர் வாய்த்தது. சோக்கா என்பது கடலை மாவு, நீர், ஆலிவ் எண்ணெய், உப்பு மட்டும். பெரிய செப்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் வேகவைத்து, ஓரம் கருகியதும் கரண்டியால் சுரண்டித் துண்டு துண்டாகத் தாளில் போட்டு மிளகு தூவித் தருகிறார்கள். ஆறினால் ரப்பர், நின்றபடியே தின்றுவிடுங்கள். அதே மாவில் பொரித்த பனீஸும் உண்டு. ஆனால் வெங்காயம் பரப்பிய பிசலாதியேரில் நெத்திலி போன்ற சிறு மீன் கிடக்கும், நீஸ் சாலட்டிலும் பான் பாஞ்யா ரொட்டியிலும் மீன் வரும். ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் மீனைச் சேர்த்துவிடுவார்கள். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

13. திரும்பும் நாள்

கடைசிக் குளியலை முந்தைய மாலையோடு முடித்துக்கொள்ளுங்கள். ஈரத் துணி பெட்டியின் எடையைக் கூட்டும்.

ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கியிருந்தால், வாங்கும்போதே கடவுச்சீட்டைக் காட்டி வரி திரும்பப் பெறும் படிவத்தைக் கேட்டு வைத்திருக்கவேண்டும். விமான நிலையத்தில் கேட்டால் கிடைக்காது. நீஸிலிருந்து நேரே துபாய்க்கோ தோஹாவுக்கோ பறப்பவர்கள், பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே அங்குள்ள தானியங்கிக் கருவியில் படிவத்தின் கோட்டுக் குறியை (பார்கோடு) காட்டிப் பதிந்துவிடவேண்டும். அதிகாரி பொருளைக் காட்டச் சொன்னால் அது கையில் இருக்கவேண்டும். ஆகவே வாங்கியதைப் பெட்டியின் மேலடுக்கில் வையுங்கள்.